ஆறாவது நாற்காலியின் உத்தரவு

எங்கள் சாப்பாட்டு மேசைக்கு ஆறு நாற்காலிகள். வீட்டில் இருப்பவர்கள் நான்கு பேர். இதில் சட்டவிரோதமாக எதுவும் இல்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். வாங்கப் போனபோது கடைக்காரர் ஆறாகத்தான் தருவேன், பிரித்துத் தருவதற்கில்லை என்றார். சரி, மகனுக்கும் மகளுக்கும் கல்யாணம் ஆனால் இரண்டு பேர் வருவார்களே என்று நானும் தலையாட்டினேன். அந்தப் பிரார்த்தனை இன்னும் கடவுளின் பரிசீலனையில் இருக்கிறது. அவர் அவசரப்படுகிறவர் இல்லை. நானும் நச்சரிக்கிறவள் இல்லை.

ஐந்தாவது நாற்காலியை எதிர்வீட்டு டீச்சர் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், "என்ன, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்துவிடுவார். ஆறாவது மட்டும் காலி. அந்தக் காலி நாற்காலியை வைத்து என் மகன் ஒரு விளையாட்டு செய்தான். எல்லா வினையும் அதிலிருந்துதான்.

அவன் அச்சகத்தில் பக்கம் அமைக்கிறவன். நாள் முழுக்க அடுத்தவர் எழுத்தை நேராக நிறுத்திக்கொண்டிருப்பான். ஞாயிறு வந்தால் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஒரு பாழடைந்த வீட்டின் கதையைச் சொல்லத் தொடங்குவான். நாங்கள் அந்த வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள். நான் சமையல்காரி. என் வீட்டுக்காரர் டாக்டர். நிஜத்தில் ஊசியைப் பார்த்தாலே அவருக்கு மயக்கம் வரும். நர்ஸ் வேலை பார்க்கிற என் மகள் அந்த வீட்டில் திருடி. டீச்சர் அங்கேயும் டீச்சர்தான், வேறு வேஷம் அவருக்கு வரவில்லை.

"இப்போ என்ன செய்றீங்க?" என்பான். "கதவைத் திறக்கிறோம்" என்போம். பகடையை உருட்டுவோம். எண் நல்லபடியாக விழுந்தால் தப்பித்தோம். விழாவிட்டால் அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். மேசைக்கடியில் காலை நீட்டி, அந்த ஆறாவது நாற்காலியை ஒரு விரற்கடை மேசைப் பக்கம் இழுப்பான். தரையில் கிறீச் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நாற்காலி மேசையைத் தொட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது.

அதில் உட்கார்ந்திருப்பது யார், எப்படி இருக்கும், அதற்கு என்ன வேண்டும், எதுவும் சொல்லப்படாது. அதை யாரும் பார்க்கக் கூடாது, அதோடு யாரும் சண்டை போடக் கூடாது. இதுதான் விதி. முப்பது வருஷம் எட்டாம் வகுப்பை மேய்த்த டீச்சர், ஒருநாள் ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போக என் வீட்டுக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டார். பட்டப்பகல் மூன்று மணி. எங்கள் தெருவின் அகலம் பதினைந்து அடி.

மகன் அதை அட்டைப்பெட்டியில் போட்டு இருநூறு பிரதி அச்சடித்தான். அதில் ஒன்று எப்படியோ ஒரு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. டிவியில் ஒரு பெட்டியை மாட்டி, பொத்தான் வைத்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் சுட்டுத் தள்ளுவார்களே, கன்சோல் விளையாட்டு, அதைச் செய்கிற நிறுவனம். கடிதம் வந்தது. 'தங்கள் படைப்பின் ஆன்மாவுக்கு யாதொரு ஊறும் நேராவண்ணம் அதனை ஓர் அதிரடி விளையாட்டாக உருமாற்றம் செய்யப் பெருவிருப்பம் கொண்டுள்ளோம்.'

கூடவே பதினான்கு பக்க ஒப்பந்தம். மகன் சந்தோஷத்தில் படிக்கவில்லை. நான் கையில் வைத்துக் கும்பிட்டேனே தவிரப் படிக்கவில்லை. என் வீட்டுக்காரர் குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மட்டும் கடைசிவரை படித்துவிட்டு, "என்ன நடை! என்ன நடை! நாலு பக்கத்துக்கு ஒரே ஒரு முற்றுப்புள்ளி" என்று கண்கலங்கினார். பையன் கையெழுத்துப் போட்டான்.

மருந்துச் சீட்டு படித்துப் பழகிய என் மகள்தான் மறுநாள் ஒன்பதாம் பக்கத்தில் விரலை வைத்தாள். 'இறுதி ஒப்புதல் வழங்கப்பட்ட நாள் முதற்கொண்டு, இவ்விளையாட்டினை எந்த இல்லத்திலும், எந்த மேசையைச் சுற்றியும், எந்த வடிவிலும், படைத்தவர் உட்பட எவரும் ஆடலாகாது.'

"அப்போ ஞாயித்துக்கிழமை?" என்றார் டீச்சர்.

வாரம் முழுக்க ஆளுக்கொரு செல்போனோடு ஆளுக்கொரு மூலையில் கிடக்கிற வீடு எங்களுடையது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வது அந்த இரண்டு மணி நேரம்தான். என் பிரார்த்தனைப் பட்டியலில் கல்யாணம் இரண்டாவது இடத்துக்கு இறங்கியது. மேசை முதலிடத்துக்கு வந்தது.

மகனுக்கு 'மூலக் கருத்து ஆலோசகர்' என்று பதவி கொடுத்திருந்தார்கள். வாரம் ஒருநாள் கூட்டத்துக்குப் போக வேண்டும். போய், விதியையும் காப்பாற்றி, அந்த ஒன்பதாம் பக்கத்தையும் எடுக்க வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

முதல் கூட்டம் முடிந்து வந்தவனிடம், "என்னடா ஆச்சு?" என்றேன்.

"பேய்க்கு உடம்பு கொடுத்திருக்காங்கம்மா."

"நம்ம பேய்க்கா? எதுக்கு?"

"பார்க்காத ஒன்னுக்கு எவன் பயப்படுவான்னு கேக்கறார் திட்டத் தலைவர்."

திட்டத் தலைவர் என்பவர் அந்த விளையாட்டுக்கே பெரியவர். அவருக்குக் கீழே சண்டைப் பொறுப்பாளர் என்று ஒருவர், புள்ளிவிவரம் பார்க்கிற அம்மா ஒருவர். கூட்டக் குறிப்பு எழுத ஒரு பெண்.

இரண்டாம் கூட்டம்: "பேய்க்கு ரெண்டு கை வந்துடுச்சு."

"ஏன், உடம்புன்னா கை இருக்காதா?"

"கையில துப்பாக்கி இருக்கும்மா."

"அதுக்கு எதுக்குடா துப்பாக்கி? பேய்னா சும்மா வந்து நின்னா போதாதா?"

"ஆடறவன் கையில துப்பாக்கி இருக்கு. பேய் வெறுங்கையோட நின்னா அநியாயமாப் போயிடுமாம். நியாயம் வேணும்கறார் சண்டைப் பொறுப்பாளர்."

ஆடுகிறவன் கையில் ஏன் துப்பாக்கி என்றால், ஓடிப்போவது அதிரடி ஆகாதாம். பயந்தவன் ஓடுவான், ஓடினால் அதிரடி இல்லை, ஆகவே அவன் பயப்படக் கூடாது. பயப்படாமல் பேயைச் சுட வேண்டும். இது ஒரு பயங்கர விளையாட்டு. எங்கேயாவது தப்பு இருக்கிறதா என்று நானும் விரல்விட்டு யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. மொத்தமாகப் பார்த்தால்தான் தலை சுற்றியது.

ஐந்தாம் கூட்டத்தில் பேய்க்கு ஆறு கை. ஆறாவது நாற்காலி என்று மூலத்தில் இருக்கிறது, ஆகவே மூலத்துக்கு மரியாதை செய்யும் பொருட்டு ஆறு கை. ஏழாம் கூட்டத்தில், அந்த நாற்காலியையே தூக்கிப் பேயை அடிக்கலாம் என்று தீர்மானம்.

"நாற்காலியாலயா?" என்று என் மகள் சிரித்துவிட்டாள். "அண்ணா, அது உட்கார்ந்திருக்கும்போதே தூக்கி அடிக்கணுமா, எழுப்பிட்டு அடிக்கணுமா?"

"அதுக்குத் தனிக் கூட்டம் போட்டிருக்காங்க" என்றான் அவன். சிரிக்கவில்லை.

"நீ எதிர்த்துப் பேச மாட்டியாடா?"

"பேசறேன்மா. எல்லாரும் தலையாட்டறாங்க. அப்புறம் திட்டத் தலைவர் மேசைக் கோடியைப் பார்க்கறார். 'எனக்கும் சம்மதம்தான் தம்பி, ஆனா மேலிடத்துக்குப் பிடிக்காது'ங்கறார். அதோட முடிஞ்சுது."

"மேலிடம்னா யாரு?"

"தெரியாது. மேசைக் கோடியில அவருக்குப் பெரிய நாற்காலி போட்டிருக்கு. பாலித்தீன் உறைகூடப் பிரிக்கலை. கூட்டத்துக்குக் கூட்டம் அவர் முன்னாடி புதுத் தண்ணி பாட்டில் வைப்பாங்க. வந்ததே இல்லை. யாரும் பார்த்ததும் இல்லை. ஆனா அந்த நாற்காலிப் பக்கம் பேசும்போது எல்லாருக்கும் குரல் இறங்கிடும்."

"எங்க ஆபீஸ்லயும் ஒருத்தர் இருந்தார்" என்றார் என் வீட்டுக்காரர், சாதத்தைப் பிசைந்துகொண்டே. "முப்பத்தொரு வருஷம் அவருக்குப் பயந்தேன். ஓய்வு பெற்ற அன்னைக்கு விசாரிச்சேன். அப்படி ஒரு பதவியே இல்லைன்னாங்க."

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்ய? முப்பத்தொரு வருஷம் பயந்தாச்சு. பென்ஷனை வாங்கிட்டு வந்துட்டேன்."

இறுதி ஒப்புதல் கூட்டத்து நாள் வந்தது. அன்று காலையில் என் மகன் கண்ணாடியைக் குளியலறை அலமாரியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். கண்ணாடி இல்லாவிட்டால் அவனுக்குப் பத்தடிக்கு அப்பால் நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியாது. வாழ்வா சாவா என்கிற நாளில் பிள்ளை குருடனாக உட்கார்ந்திருப்பானே என்று, கண்ணாடியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம், 'ஆண்டவரே, அந்த மேசையை மட்டும் விட்டுக் கொடுத்துவிடாதீர்' என்பதுதான் என் வாயில்.

வாசலில் காவலாளி நல்ல மனிதர். மகன் பெயரைச் சொன்னேன். "போங்கம்மா. ஆனா விருந்தாளி அட்டை தீர்ந்துபோச்சு" என்று சொல்லி, ஒன்றும் எழுதாத வெள்ளை அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டார். அந்தக் கட்டடத்தில் பதவிக்கொரு நிற அட்டை என்பது எனக்குத் தெரியாது. எடுபிடிக்குப் பச்சை, பொறுப்பாளருக்கு நீலம், தலைவருக்குச் சிவப்பு. வெள்ளையை அதுவரை எவரும் கண்டதில்லை. மாடிப்படியில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது நீல அட்டைக்காரர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். என்ன மரியாதையான பிள்ளைகள், பெற்றவர்கள் நன்றாக வளர்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் மாடியில் கூட்ட அறை திறந்து கிடந்தது. ஆள் இல்லை. எல்லாரும் பக்கத்து அறையில் படம் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். என் முழங்கால் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலி. மேசையைச் சுற்றி இருந்த நாற்காலிகள் எல்லாம் குச்சி மாதிரி. கோடியில் ஒன்று மட்டும் சாய்ந்து உட்கார்கிற மாதிரி அகலமாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். பாலித்தீன் வழுக்கியது, போதாததற்கு வியர்த்தது. அதைக் கிழித்து, மடித்து, காலடியில் வைத்துவிட்டேன். முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் யார் கோபிக்கப் போகிறார்கள் என்று பாதியைக் குடித்தேன்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். வாசலிலேயே நின்றுவிட்டார்கள். முதலில் நாற்காலியைப் பார்த்தார்கள், அப்புறம் கிழிந்த உறையை, அப்புறம் பாதிப் பாட்டிலை, கடைசியில் வெள்ளை அட்டையை. அந்த நாற்காலியில் உட்காருகிற துணிச்சல் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு என்பது அவர்களுக்கு ஐயமறத் தெரிந்த விஷயம். யாரோ உட்கார்ந்திருக்கிறார். ஆகவே அவர்தான். இந்தக் கணக்கில் பிழை சொல்ல முடியாது.

"வணக்கம்ங்க" என்றார் சிவப்பு அட்டைக்காரர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"வணக்கம் தம்பி. உட்காருங்க, ஏன் நிக்கறீங்க?"

அப்படியே தொப்பென்று உட்கார்ந்தார்கள். என் மகன் கடைசியாக, சுவரைத் தடவிக்கொண்டு வந்து மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்தான். என் பக்கம் திரும்பி, அலமாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பாவம்.

கண்ணாடியை எடுக்கலாம் என்று கைப்பையைத் திறப்பதற்குள், சண்டைப் பொறுப்பாளர் என் முன்னால் ஒரு பெரிய படத்தை விரித்தார். ஆறு கை, ஆறு ஆயுதம், பனைமரம் மாதிரிக் கழுத்து. "இதுதாங்க நம்ம பேய். தங்கள் மேலான கருத்து…"

அவர் மணிக்கட்டில் கறுப்பாக ஒரு பட்டை கட்டியிருந்தது. அது பயமானி என்று பிறகு தெரிந்தது. எவ்வளவு பயம் என்று பத்துக்கு எண் காட்டுமாம். எட்டு மாதமாக இந்தப் பேயைக் காட்டிக் காட்டி எத்தனையோ பேர் கையில் கட்டிப் பார்த்தும் முள் இரண்டைத் தாண்டவில்லையாம். புள்ளிவிவர அம்மாவுக்கு அதனாலேயே கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

நான் படத்தைப் பார்த்தேன். கேட்ட கேள்விக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. "பாவம், இதுக்கு எப்படிச் சட்டை போட்டு விடறது?" என்றேன்.

குறிப்புப் பெண் வேகமாக எழுதினாள். பின்னால் அந்தக் குறிப்பை நானே படித்தேன்: 'பேயின் உடை ஏற்பாடுகள் குறித்து மேலிடம் ஆழ்ந்த கவலை தெரிவித்தது.'

"கொஞ்சம் காத்து வந்தா நல்லாயிருக்கும்" என்றேன்.

'சூழல் போதுமானதாக இல்லை என மேலிடம் சுட்டிக்காட்டியது.'

என் குரலைக் கேட்டதும் அந்தக் கோடியில் என் மகன் நிமிர்ந்தான். வாய் திறந்தது. "அம்…" என்று ஆரம்பித்தவனைத் திட்டத் தலைவர் முழங்கையால் இடித்து, "பெரியவங்க பேசும்போது என்ன குறுக்கே!" என்று அடக்கினார். பிள்ளை அடங்கிவிட்டான். அடங்கினானா, இல்லை, போகிற வரை போகட்டும் என்று இருந்துவிட்டானா என்பதை இன்றுவரை அவன் எனக்குச் சொல்லவில்லை.

"பயமா இருக்குங்களா?" என்று புள்ளிவிவர அம்மா கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

"பயமா? அதான் முழுசாப் பார்த்துட்டேனேம்மா, இனிமே என்ன பயம்? காட்டாம இருந்திருந்தா பயமா இருந்திருக்கும்."

திட்டத் தலைவர் நாற்காலி நுனிக்கு வந்தார். "அப்போ… காட்ட வேண்டாம்கறீங்க?"

"காட்டாதீங்க தம்பி. யாரையும் காட்டாதீங்க. அதுதான் நல்லது."

'யாரையும் காட்டக் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதி, இரண்டு கோடு போட்டாள் குறிப்புப் பெண்.

"ஒன்பதாம் பக்கத்துல மேசைப் பிரிவு ஒன்னு இருக்கு" என்று புள்ளிவிவர அம்மா காகிதத்தைப் புரட்டினார். "வீடுகள்ல இதை மேசையைச் சுத்தி உட்கார்ந்து ஆடறதை இன்னையோட நிறுத்தணும். அதுக்கும் ஒப்புதல்…"

நான் குறுக்கிட்டேன். "ஒரு வீட்டுல நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பேசறதையா நிறுத்தறீங்க? வேண்டாம்மா. அது பாவம். உங்க வீட்டுல நீங்கல்லாம் சேர்ந்து உட்காருவீங்களா?"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'மேசைகளுக்கு விலக்கு அளிக்கப்படுகிறது' என்று எழுதப்பட்டது. அதற்குப் பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டாம். அதில் 'பாவம்' என்று இருக்கிறது.

கேட்டது கிடைத்துவிட்டது. அப்போதே வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் தினமும் காலையில் கண்ணை மூடிக் கும்பிடுகிறவள், தெரியாமல் செய்தாலும் பொய் பொய்தான் என்று தெரிந்தவள். கண்ணாடியை எடுத்து நீட்டினேன். "இதைக் கொடுக்கத்தான் வந்தேன். நான் அதோ உட்கார்ந்திருக்கானே, அவனோட அம்மா."

திட்டத் தலைவர் உருகிப்போனார். "மேலிடத்துக்கு ஊழியர்கள் எல்லாருமே பிள்ளைங்கதானே!"

"இல்லை தம்பி, நான் பெத்த பிள்ளை. நான் மேலிடம் இல்லை. கால் வலிச்சுது, உட்கார்ந்தேன்."

"மேலிடம் எப்பவுமே தன்னை வெளிக்காட்டிக்காது" என்று சண்டைப் பொறுப்பாளர் பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தார்.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி சொன்னேன். "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இதுக்கு முன்னாடி இந்த நாற்காலியில யாராவது உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா?"

"இல்லைங்க."

"அவர்கிட்டேர்ந்து கடிதம், போன்?"

"இல்லைங்க."

"அப்போ யார் சொல்லி பேய்க்கு ஆறு கை வச்சீங்க?"

சண்டைப் பொறுப்பாளர் திட்டத் தலைவரைப் பார்த்தார். திட்டத் தலைவர் புள்ளிவிவர அம்மாவைப் பார்த்தார். "மேலிடத்துக்குப் பிடிக்கும்னு…" என்று ஆரம்பித்து அந்த அம்மா நிறுத்திக்கொண்டார்.

"யாரும் இல்லை தம்பி. இந்த நாற்காலி காலியாத்தான் இருந்திருக்கு. எல்லாத்தையும் நீங்களேதான் செஞ்சிருக்கீங்க."

அப்போது 'பீப்' என்று ஒரு ஒலி. சண்டைப் பொறுப்பாளரின் மணிக்கட்டுப் பட்டை சிவப்பாக மின்னியது. முள் இரண்டைத் தாண்டி, ஐந்தைத் தாண்டி, பத்துக்குப் போய் நின்றது. எட்டு மாதத்தில் முதல் தடவை. புள்ளிவிவர அம்மா அதைக் குறித்துக்கொள்ளக்கூட இல்லை.

கடைசியில் திட்டத் தலைவர் தொண்டையைச் செருமி, குறிப்புப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். அவள் எழுதினாள். அந்த வரியை என் வீட்டுக்காரர் பிறகு மூன்று முறை வாய்விட்டுப் படித்து, 'இதுதான் இலக்கியம்' என்றார்:

'மேலிடம் கூட்டத்துக்கு நேரில் வருகை தந்து, தான் இல்லை எனத் தெரிவித்தது. கருத்து பதிவு செய்யப்பட்டது, ஏற்கப்படவில்லை.'

அடுத்த ஐந்தாம் மாதம் விளையாட்டு வெளிவந்தது. யாரையும் காட்டக் கூடாது என்ற உத்தரவை அவர்கள் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருந்தார்கள். துப்பாக்கி அப்படியே இருந்தது, பேயை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஆடுகிறவன் காலி அறைகளுக்குள் போய் ஒன்றுமில்லாததைச் சுட வேண்டும். பட்டதா படவில்லையா என்று அவனுக்கும் தெரியாது, பேய்க்கும் தெரியாது.

நாடே பைத்தியமாய்ப் போனது. 'இவ்வாண்டின் மிக நுட்பமான பேய்' என்று பத்திரிகையில் வந்தது. எதிர்வீட்டு டீச்சரின் அக்கா மகன் நான்காம் கட்டத்தில் அதன் முதுகைப் பார்த்ததாகச் சொன்னான். "எங்களுக்குத் தெரியலையே" என்றால், "உங்க டிவி பழசு ஆன்ட்டி" என்றான். அதைக் கேட்டு எங்கள் தெருவில் மூன்று வீட்டில் டிவி மாற்றினார்கள். மாற்றியபின் அவர்களுக்கும் தெரிந்தது. செலவு செய்தவர்களுக்குத் தெரியாமல் போகுமா? பேய் படம் போட்ட சட்டை என்று கடையில் விற்றார்கள். வெறும் கறுப்புச் சட்டை, அதில் படம் இல்லை. என் மகளும் ஒன்று வாங்கி வந்தாள். "கிண்டலுக்காகத்தான்மா" என்றாள். இரண்டு வாங்கியிருந்தாள்.

விளையாட்டின் முடிவில், செய்தவர்களின் பெயர்கள் வரும். அங்கேயும் உத்தரவு உத்தரவுதான். யாரையும் காட்டக் கூடாது. நான்கு நிமிடம் வெறும் கறுப்புத் திரை, பின்னால் இசை. என் பிள்ளையின் பெயரை என் வாயாலேயே அழித்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோபாவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழப்போனேன்.

"அழாதேம்மா. என் பேர் மூணாவது நிமிஷத்துல வருது" என்றான்.

மூன்றாவது நிமிடத்தில் நான் கைதட்டினேன். என் வீட்டுக்காரர், "எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கு" என்றார்.

இவ்வளவுக்கும் எங்கள் மேசை சும்மாதான் கிடந்தது. விலக்கு அளித்தாயிற்று, ஆனால் விலக்கு ஆணை கைக்கு வரவில்லை. ஆணை வராமல் ஆடினால் சட்டப்படி என்ன ஆகும் என்று என் வீட்டுக்காரர் பயமுறுத்தினார். எட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஆளுக்கொரு மூலை. டீச்சர்கூடச் சாப்பிட்டுவிட்டு அவர் வீட்டிலேயே தூங்கிப் பழகிவிட்டார்.

ஒன்பதாவது மாதம் ஒரு ஞாயிறு, வாசலில் மணி அடித்தது. திட்டத் தலைவர். மேலிடத்து உத்தரவைத் தபாலில் அனுப்பக் கூடாது என்று அவரே நேரில் எடுத்து வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்.

"இது என் வீடு தம்பி. நான் இவனோட அம்மா. இப்பவாவது நம்பறீங்களா?"

"நம்பறேன்ங்க" என்றார், நம்பாத குரலில். "நீங்க எங்கே வேணும்னாலும் இருப்பீங்க."

ஆணையில் பையன் கையெழுத்துப் போட்டதுதான் தாமதம், மகள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். டீச்சரைக் கூப்பிடவே இல்லை, பகடைச் சத்தம் கேட்டே வந்துவிட்டார். ஐந்து பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம். அந்த மனிதர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"உட்காருங்க தம்பி" என்று ஆறாவது நாற்காலியைக் காட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். "பரவாயில்லைங்க. நின்னே பழக்கம்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் வீட்டுக்காரர், "என்ன தம்பி, வெறும் மரம்தானே, கடிக்கவா போகுது?" என்றார். எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. படித்த மனிதர், எத்தனை பேரை ஆட்டி வைக்கிறவர், காலி நாற்காலிக்குப் பயப்படுகிறாரே என்று.

மகன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னான்: "அப்பா, நீங்க அதுல மாறி உட்கார்ந்துட்டு, உங்க நாற்காலியை அவருக்குக் கொடுங்களேன்."

என் வீட்டுக்காரர் சிரிப்பதை நிறுத்தினார். "எனக்கு முதுகுவலி. இதுல உட்கார்ந்தே பழகிட்டேன்."

"டீச்சர்?"

"எனக்கு இந்தப் பக்கம்தான்ப்பா வெளிச்சம்."

மகள் ஏதோ அவசரமாகப் பகடையை எண்ணிக்கொண்டிருந்தாள். மொத்தமே இரண்டு பகடை.

"அம்மா, நீ உட்காரு" என்றான். "உனக்குத்தான் பழக்கமாச்சே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவரும்தான். அன்றைக்கு அத்தனை பேர் நடுங்கிய நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தவள் நான். ஆனால் அங்கே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"இருங்க, சமையலறையில ஸ்டூல் இருக்கு" என்று எழுந்து போனேன்.

அப்படியே டீயும் போட்டு எடுத்து வந்தேன். ஆளுக்கொரு கோப்பையாக எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஐவருக்கும் ஸ்டூலில் இருந்த விருந்தாளிக்குமாக ஆறு. தட்டில் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. எப்போது அதை ஊற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. சிந்தாமல் எடுத்து, காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தேன்.

அது யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.